பதினோரு தடவை நின்றது

மழை தாராவியைப் பிடித்துக்கொண்ட முதல் வாரத்தில்தான் பேராச்சியின் கம்ப்யூட்டர் நிற்க ஆரம்பித்தது. நிற்பது என்றால் அணைந்துபோவதல்ல. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே கனத்த பழைய மானிட்டரில் படம் காணாமல் போகும். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தாக நாலைந்து வரி ஆங்கிலம் வரும். முதல் சொல் ‘பேனிக்’ என்றிருக்கும். பிறகு அது தானே அணைந்து தானே எழுந்துகொள்ளும். எழுந்துகொள்ள ஆறு நிமிடம் ஆகும். அந்த ஆறு நிமிடமும் பக்கத்தில் இருக்கிற மில்லிங் மிஷின், அடுத்து எந்தப் பக்கம் நகர்வது என்ற கட்டளை வராமல், இரும்பின் மேல் ஒரே இடத்தில் கத்தியைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். வழவழவென்று வரவேண்டிய இடத்தில் ஒரு குழி விழுந்துவிடும். அந்தக் குழியை எந்த உப்புத்தாளாலும் தேய்த்து எடுக்க முடியாது.

தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், கீழே பட்டறை, மேலே வீடு. நடுவில் செங்குத்தான இரும்பு ஏணி. பட்டறையில் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் அச்சு வெட்டுவார்கள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து நடத்துவது. அண்ணன் ராஜபாண்டி சுனாபட்டியில் குடியிருந்தார். ஆர்டர் பிடிப்பதும் இரும்பு வாங்குவதும் அவர் பாடு. தம்பி செல்வம் மில்லிங் மிஷினில் நின்றார். செல்வத்தின் மனைவி பேராச்சி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள்.

அவள் அதில் உட்கார்ந்தது யாரும் திட்டமிட்டு நடந்ததில்லை. விக்ரோலியில் ஒரு தொழிற்சாலை தன் அச்சுப் பிரிவை மூடியபோது, ராஜபாண்டி மில்லிங் மிஷினோடு அந்தக் கம்ப்யூட்டரையும் சேர்த்துத் தூக்கி வந்தார். யூனிக்ஸில் ஓடுகிற பழைய காலத்துப் பெட்டி. வழக்கமான கம்ப்யூட்டர்போல் சுட்டியைத் தட்டினால் திறக்காது. கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். பட்டறையில் இருந்த ஆண்கள் ஒரு வாரம் அதன் முன் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை படித்திருந்த பேராச்சி, கூடவே வந்த ஐந்து தடித்த புத்தகங்களையும் அகராதியையும் வைத்துக்கொண்டு, உலையில் அரிசி வேகும் நேரம், மகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் என்று படித்தாள். எட்டு மாதத்தில் ஒரு சோப்பு டப்பாவின் அச்சைத் திரையில் வரைந்து வெட்டிக் காட்டினாள். அது நடந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. மகள் இப்போது புனேயில் நர்சிங் படிக்கிறாள். இத்தனை வருடத்தில் வெட்டிய எழுநூறு சொச்சம் அச்சுகளின் வரைபடமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

இந்த முறை வந்த வேலை செம்பூரிலிருந்து. அங்கே ஒரு டிரஸ்ட் செயற்கைக் கால் செய்து இலவசமாகக் கொடுத்துவந்தது. அதில் டெக்னீஷியனாக இருந்த ஆபிதா, மேலப்பாளையத்துக் குடும்பத்துப் பெண், தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள், ஜூன் மாதம் ஒரு பையில் ரப்பர்ப் பாதம் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். கைக்குழந்தையின் செருப்பைவிடக் கொஞ்சம் பெரியது. விரல் இருக்கிற இடம் பிய்ந்திருந்தது.

“சின்னப் பிள்ளைங்க பாதம்கா. எங்க அச்சு தேஞ்சு போச்சு. அதுல ஊத்தினா இப்படித்தான் மூணு மாசத்துல பிய்யுது. ஜூலை கடைசில கேம்ப் இருக்கு. நாப்பது பிள்ளைங்க வருது, நந்துர்பார், ஜால்னான்னு எங்கெங்கேருந்தோ. ஒருதடவை வந்துட்டுப் போனா திரும்ப வர ஒரு வருஷம் ஆவும்.”

“வளருத பிள்ளைக்கு ஒரு வருஷம்னா ரெண்டு சைஸ்லா மாறிரும்,” என்றாள் பேராச்சி.

“அதாங்கா. அதுவரைக்கும் குச்சி வச்சுட்டுத்தான் நடக்கும்.”

பேராச்சி அந்தப் பாதத்தை அளந்து, வளைவுகளைப் புள்ளி புள்ளியாக எடுத்து, பத்து நாளில் வரைந்து முடித்தாள். கடைசி வெட்டு ஏழு மணி நேரம் நிற்காமல் ஓடவேண்டும். முதல் இரும்புக் கட்டையில் நாலாவது மணி நேரத்தில் பெட்டி நின்றது, குதிகாலில் குழி. இரண்டாவது கட்டையில் ஆறரை மணி நேரம் ஓடி, எல்லாரும் மூச்சுவிட்ட பிறகு நின்றது. பெருவிரலில் குழி.

ராஜபாண்டி அன்று வந்து அந்தக் கட்டையைக் கையில் எடுத்து, பெருவிரல் குழியில் தன் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார்.

“ஏல செல்வம், இது கம்ப்யூட்டரா, கிளி ஜோசியக்காரன் பெட்டியா? நெனைச்சா ஓடுது, நெனைச்சா நிக்கு.”

“மகாதேவன் சாரை வரச் சொல்லியிருக்கு,” என்றார் செல்வம்.

“வரட்டும். பாக்கட்டும். பாத்துச் சரி பண்ணலன்னா பங்கார்காரன்கிட்ட பழைய இரும்பு வெலைக்குப் போட்டுட்டு வேற வழியப் பாப்போம். ஊரு பூரா புது சிஸ்டம் வச்சு ஓட்டுதான்.”

“எழுநூறு டிராயிங்கும் அதுல கெடக்கு, அத்தான்,” என்றாள் பேராச்சி. “வேற கம்ப்யூட்டர்ல அது தொறக்காது.”

ராஜபாண்டி அவள் பக்கம் திரும்பாமல் கட்டையைத் தம்பியிடம் நீட்டினார். பட்டறை விஷயத்தை அவர் தம்பியிடம்தான் பேசுவார்.

மாதுங்காவிலிருந்து மகாதேவன் வந்தார். பாலக்காட்டுப் பூர்வீகம், அறுபத்தாறு வயது. இந்த ரகப் பெட்டிகளைப் பழுது பார்ப்பதே அவருக்கு முப்பது வருட உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் பம்பாயில் எங்கேயாவது இப்படியொன்று மிச்சமிருந்து மக்கர் செய்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சந்து முழுக்கக் கணுக்கால் தண்ணீர். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, கருவிப் பையைத் தலைக்குமேல் பிடித்தபடி நடந்து வந்தார்.

பெட்டி தனக்குள்ளேயே எழுதி வைத்திருந்த குறிப்புகளை வரிவரியாகப் படித்தார். “பாருங்கோ, ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல அடிபட்டுருக்கு. ஒண்ணு போல இன்னொண்ணு இல்லை. மெமரி போகறதுக்கு முன்னாடி இப்படித்தான் பிராணனை வாங்கும்.”

பேராச்சி தன் நோட்டை எடுத்து நீட்டினாள். பெட்டி முதல் தடவை நின்ற நாளிலிருந்து அவள் எழுதி வந்தது. தேதி, மணி, என்ன எழுத்து வந்தது, மில்லிங் மிஷின் ஓடியதா, மழை பெய்ததா, மின்விசிறி எந்த வேகத்தில் சுற்றியது, பக்கத்தில் யார் வீட்டில் என்ன சத்தம் கேட்டது, எல்லாம் இருந்தது.

மகாதேவன் ஒரு பக்கம் புரட்டினார். “மாவு கிரைண்டர், மழை… இதெல்லாம் என்னத்துக்கும்மா? மிஷினே லாக் எழுதி வச்சிருக்கே, அது போறும்.” அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. அவருடைய வேலையில் பெட்டியின் வாக்குதான் சாட்சி.

அவர் சளைக்காமல் உழைத்தார் என்பதையும் சொல்லவேண்டும். மெமரி அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதன் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். தன் வீட்டுப் பரணிலிருந்து கொண்டுவந்த வேறு அட்டைகளைப் போட்டார். உள்ளே இருந்த விசிறியை மாற்றினார். மின்சாரம் ஏறி இறங்கினால் தாங்கிக்கொள்ள ஒரு யு.பி.எஸ். வைத்தார். பேராச்சி வைத்த சாளைக் கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு மூக்கைச் சுளிக்காமல், அவருக்கென்று தனியாக அவள் கிளறிய உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். இரண்டு நாள் கழித்துப் பெட்டி மறுபடி நின்றது.

“ஆத்துக்கே எடுத்துண்டு போறேன்,” என்றார். “ரெண்டு நாள் நிறுத்தாம ஓட்டிப் பாத்துடலாம்.”

பெட்டி டாக்சியில் மாதுங்கா போயிற்று. அங்கே நாற்பத்தெட்டு மணி நேரம் ஓடியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. மகாதேவன் சந்தோஷமாகத் திரும்பக் கொண்டுவந்து, கேபிளை மாட்டி, அரை கிளாஸ் கட்டிங் சாய் குடித்துவிட்டுப் போனார். மூன்றாவது மணி நேரத்தில் வெள்ளைத் திரை வந்தது. அது பத்தாவது தடவை.

போனில் அவர் குரல் இறங்கியிருந்தது. “பெட்டிக்குள்ள ஒரு தப்பும் இல்லையேம்மா. என் கையில இதுக்கு மேல ஒண்ணும் இல்லையாக்கும்.”

அன்று சாயங்காலம் ராஜபாண்டி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நனைந்த குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தம்பியைப் பார்த்து நிதானமாகப் பேசினார்.

“அங்க ரெண்டு நாள் ஓடிச்சு. நிக்கல. இங்க வந்து மூணு மணி நேரம். இதுக்கு என்னல அர்த்தம்?”

செல்வம் அளவெடுக்கிற காலிப்பரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அங்க இவ இல்ல. இங்க இவ இருக்கா. கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டா, எதையாவது தட்டிக்கிட்டே இருப்பா. நான் பாத்திருக்கேன்.”

“வெட்டு ஓடும்போது நான் கீபோர்டைத் தொடுததே இல்ல, அத்தான். நோட்டுல எல்லாம் எழுதி வச்சிருக்கேன்.”

“நோட்டு என்ன சொல்லும்? நீ எழுதினதைத்தானே சொல்லும்.”

செல்வம் காலிப்பரைத் திறந்து மூடினார். திரும்பத் திறந்து மூடினார். பேராச்சி அவரைப் பார்த்தபடியே நின்றாள். ஒரு வார்த்தை வருமென்று நின்றாள். வரவில்லை.

“வெள்ளிக்கிழமை பங்கார்காரனைக் கூட்டிட்டு வாரேன்,” என்று ராஜபாண்டி எழுந்தார். “வசாய்ல ஒரு பெரிய பட்டறையில சொல்லி வச்சிருக்கேன். கால் அச்சை அவன் ஆகஸ்ட்டுல முடிச்சுத் தருவான். அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லிருதேன்.”

ஆகஸ்ட்டில் அந்த அச்சு வந்து யாருக்கும் பயனில்லை. கேம்ப் ஜூலையோடு முடிந்துவிடும். பேராச்சி ஏணியேறிப் போனாள். புளியைக் கரைத்தாள், வெங்காயம் நறுக்கினாள். செல்வத்துக்குச் சோறு போட்டாள். இருபத்திரண்டு வருடம் பக்கத்தில் படுத்த மனுஷன், இவள் அப்படிச் செய்யமாட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பது அவள் நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றது.

ஆனால் மறுநாள் காலை சட்டி கழுவும்போது அவளுக்கு இன்னொன்று தோன்றியது. ராஜபாண்டி சொன்னதில் பாதி சரிதான். அங்கே நிற்கவில்லை, இங்கே நிற்கிறது. அப்படியென்றால் அங்கே இல்லாத ஏதோ ஒன்று இங்கே இருக்கிறது. நான் இருக்கிறேன். என்னை விட்டால் வேறென்ன இருக்கிறது? கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அவள் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டாள். இந்த விஷயத்தில் அவளிடம் இருந்த பெரிய குணம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தன்னைக் குற்றம் சொன்ன வாய் சொன்னது என்பதற்காக ஒரு நல்ல தடயத்தை அவள் வீசி எறியவில்லை.

வியாழக்கிழமை மதியம், பழைய கட்டையில் வெறும் சோதனையாக வெட்டை ஓடவிட்டு, செல்வத்தைக் கீழே வைத்துவிட்டு, மேலே அரிசி களைந்துகொண்டிருந்தாள். வெளியே மழை சோவென்று பெய்தது. கீழே மில்லிங் மிஷினின் சத்தம் மாறியது. நகர்கிற சத்தம் போய் ஒரே இடத்தில் சுற்றுகிற சத்தம். அவளுக்கு அது எந்தத் தூக்கத்திலும் கேட்கும். ஈரக் கையோடு ஏணியில் இறங்கினாள். கடைசிப் படியில் கால் வழுக்கவும் இடது கையால் மில்லிங் மிஷினின் மேசையைப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பெட்டியின் தகர மூடியில் ஊன்றினாள்.

சுருக்கென்று முழங்கைவரை கிள்ளியது.

“என்னாச்சு?” என்றார் செல்வம்.

“இருங்க.” அவள் வலது கையை மட்டும் பெட்டியில் வைத்தாள். ஒன்றுமில்லை. இடது கையை மட்டும் மிஷினில் வைத்தாள். ஒன்றுமில்லை. இரண்டையும் விரல் நுனியால் தொட்டாள். மறுபடி கிள்ளியது.

“ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா? கரண்டை வச்சுக்கிட்டு விளையாடுத!”

“ரெண்டையும் சேத்துத் தொட்டாத்தான் கிள்ளுது. தனித்தனியாத் தொட்டா இல்ல.”

செல்வம் அவள் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து டெஸ்டரை எடுத்து மிஷினின் மேசையில் வைத்தார். அதன் சின்ன விளக்கு மங்கலாக, பூனைக்கண் மாதிரி எரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அது தானாக அணைந்தது. மிஷினை யாரும் தொடவில்லை. எந்தச் சுவிட்சையும் யாரும் போடவில்லை.

“இப்ப என்ன நின்னுச்சு?” என்றாள் பேராச்சி.

செல்வம் காதைக் கொடுத்துக் கேட்டார். மழைச் சத்தம். எதிரே தையல்காரர் வீட்டு மிஷின். அதுவரை அடியில் ஒரு முனகலாக ஓடிக்கொண்டிருந்து இப்போது இல்லாமல் போனது எது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

“தண்ணி மோட்டார்,” என்றார் செல்வம்.

சுவருக்கு அந்தப் பக்கம் வானமாமலை குடும்பம். விடியற்காலையில் ஆயிரம் இட்லி அவித்து, சயான்வரை சைக்கிளில் போய் விற்கிறவர்கள். குழாயில் தண்ணீர் வந்ததும் மோட்டார் போட்டு டிரம்களை நிரப்புவார்கள். வழக்கமாகத் தண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும். அந்த நேரத்தில் பட்டறையில் வேலை இருக்காது. ஆனால் அந்த ஜூன் தொடங்கி எங்கேயோ மெயின் பைப்பில் வேலை நடந்ததால், ஒருநாள் காலை பதினொன்றுக்கு, மறுநாள் மூன்றரைக்கு என்று நேரமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

பேராச்சி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தாள். பிறகு போனை எடுத்தாள். சந்துப் பெண்களுக்கென்று ஒரு வாட்ஸ்ஆப் குழு இருந்தது. யார் வீட்டுக் குழாயில் முதலில் தண்ணீர் சொட்டுகிறதோ அவர்கள் ‘தண்ணி வந்தாச்சு’ என்று போடுவார்கள். சிலர் இந்தியில் போடுவார்கள், சிலர் குரலாகவே அனுப்புவார்கள். ஒவ்வொன்றின் கீழும் மணி இருந்தது. அவள் ஒரு மாதத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பின்னால் போனாள். செல்வம் நோட்டைப் பிடித்துக்கொண்டு தேதியைப் படித்தார்.

“பதிமூணாம் தேதி. பதினொன்னு நாப்பது.”

“தண்ணி பதினொன்னு இருபதுக்கு வந்திருக்கு.”

“பதினேழு. மூணு அம்பத்தஞ்சு.”

“மூணரை.”

அன்றைய நாளோடு சேர்த்து மொத்தம் பதினோரு தடவை. ஒன்பது ஒத்துப்போயிற்று. இரண்டு ஒத்துப்போகவில்லை. ஒன்பது போதாதா என்றார் செல்வம். போதாது என்றாள் அவள். குடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

வானமாமலை உளுந்து ஊறவைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பானுமதி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, போன மாசம் இருபத்தாறாம் தேதி மத்தியானம் ரெண்டரைக்கு மோட்டார் போட்டிகளா? அன்னைக்குத் தண்ணி வரல.”

“தண்ணி வராம எதுக்கு மோட்டார் போடுதேன்?” என்றார் வானமாமலை.

“ஏன், போடலையாக்கும்?” என்றாள் பானுமதி. “அன்னைக்குத்தானே சாக்கடை ரொம்பி உள்ள வந்துச்சு. அரிசி மூட்டைய நான் கட்டில்மேல தூக்கி வச்சேன். நீங்க மோட்டாரை வச்சுத்தானே தண்ணிய இறைச்சீக.”

“ஆமா. மறந்தே போச்சு.”

பத்து. மிச்சமிருந்த ஒன்றுக்கு யாரிடமும் விளக்கம் இல்லை. பேராச்சி நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதிக்கொண்டாள். எழுந்துகொள்ளும்போது பானுமதி சொன்னாள்: “மைனி, ஒரு மாசமா எங்க குழாயும் கிள்ளுது. இவுககிட்ட சொன்னா, மழைக்காலத்துல அப்படித்தான் இருக்கும்ங்காக.”

பேராச்சி வாசலில் திரும்பினாள். “செருப்பு போடாம அந்தக் குழாயைத் தொடாதீங்க. பிள்ளைகளையும் தொட விடாதீங்க. நாளைக்கு எனக்கு ஒரு தடவை அந்த மோட்டாரைப் போட்டுக் காட்டணும் அண்ணாச்சி, அதோட அதைக் கழட்டிருவோம்.”

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ராஜபாண்டி சொன்னபடியே பங்கார்காரரோடு வந்தார். பழைய இரும்பு எடுப்பவர் தராசோடு வாசலில் நின்றார். உள்ளே வெட்டு ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் யாரும் இல்லை.

“அவ எங்க?”

“வெளிய நிக்கா,” என்றார் செல்வம். “வந்து இங்ஙன நில்லு அண்ணே. கீபோர்டைப் பாத்துக்கிட்டே நில்லு. யாரும் தொடமாட்டோம்.”

பேராச்சி சந்தில், மழையில், வானமாமலையின் மோட்டார் பக்கத்தில் குடையோடு நின்றாள். “போடுங்க அண்ணாச்சி,” என்றாள். மோட்டார் முனகியது. உள்ளே ஒன்றும் ஆகவில்லை. பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார்கள். இரண்டாவது தடவையும் ஒன்றும் ஆகவில்லை. ராஜபாண்டி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பங்கார்காரர் பீடி பற்றவைத்தார்.

“இன்னொரு தடவை,” என்றாள் பேராச்சி.

மூன்றாவது தடவை மோட்டார் ஓடத் தொடங்கி நாலாவது நிமிடம். ராஜபாண்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் இருந்த பாதம் மறைந்தது. வெள்ளையில் கறுப்பாக நாலு வரி வந்தது. கீபோர்டின் மேல் செல்வம் மூடியிருந்த துண்டு அப்படியே கிடந்தது. பேராச்சி சுவருக்கு அந்தப் பக்கம், பன்னிரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

ராஜபாண்டி வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு பங்கார்காரரிடம் இந்தியில், இன்றைக்கு ஒன்றும் இல்லை, போய்வா என்று சொன்னார்.

பேராச்சி நனைந்த தலையோடு உள்ளே வந்ததும் அவளே எல்லாவற்றையும் காட்டினாள். பெட்டிக்கு யு.பி.எஸ். இருக்கிறது, அதற்கு மீட்டர் போர்டிலிருந்து எர்த் வருகிறது. மில்லிங் மிஷினுக்கு எர்த் வேறெங்கிருந்தோ வருகிறது. இரண்டையும் கட்டளை போகிற கேபிள் சேர்த்து வைத்திருக்கிறது. மிஷின் பக்கம் கரண்ட் ஏறினால், அது கேபிள் வழியாகத்தான் பெட்டிக்குள் வரும். மாதுங்காவில் அந்தக் கேபிள் இல்லை. அதனால் அங்கே நிற்கவில்லை.

“மிஷினுக்கு எர்த் எங்கேருந்து வருது?” என்று கேட்டார் ராஜபாண்டி. கேட்டுக்கொண்டே அவரே குனிந்து பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டு போனார். சுவரோரமாக, ஓட்டை வழியாக, வெளியே. சந்தில் ஓடிய இரும்புத் தண்ணீர்க் குழாயில் அது நாலு சுற்றுச் சுற்றி முறுக்கிக் கட்டியிருந்தது. அதே குழாயில்தான் வானமாமலையின் மோட்டாரும் உட்கார்ந்திருந்தது. மோட்டாரில் கசிந்த கரண்ட் குழாயிலும் ஒயரிலும் ஏறி மிஷினுக்கு வந்திருக்கிறது.

மே மாதம் புது மீட்டர்ப் பெட்டி வைத்தபோது, மிஷினின் பழைய எர்த் அறுந்துபோக, எலக்ட்ரீஷியன் வரும்வரை என்று ராஜபாண்டிதான் அந்த ஒயரைக் குழாயில் கட்டினார். எலக்ட்ரீஷியன் வந்தபாடில்லை. பேராச்சிக்கு அது நேற்றே தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. செல்வத்துக்கும் தெரியும். அவரும் சொல்லவில்லை.

“நான்தான் கட்டினேன்,” என்றார் ராஜபாண்டி, குனிந்தபடியே.

“சந்து பூரா எல்லாரும் குழாய்லதான் கட்டியிருக்காக, அத்தான்,” என்றாள் பேராச்சி. “நல்ல மோட்டாரா இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.”

வானமாமலையின் மோட்டாரைக் கழற்றித் திறந்தபோது உள்ளே சுற்றியிருந்த கம்பி கருகி, ஒரு பக்கம் இரும்பையே தொட்டுக்கொண்டிருந்தது. மோட்டார் கடைக்காரன் அதைப் பார்த்துவிட்டு, ஈரக்காலோடு யாரும் குழாயை இறுக்கிப் பிடிக்காமல் தப்பித்தீர்கள் என்று சொன்னானாம். வானமாமலை திரும்பி வந்து பேராச்சியின் வாசலில் நின்றார். வாழையிலையில் இருபது இட்லியை வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மகாதேவன் வந்தார். லாமிங்டன் ரோட்டில் வாங்கிய, தீப்பெட்டி அளவு கறுப்புச் சாதனம் ஒன்றைக் கேபிளின் நடுவில் பொருத்தினார். கட்டளை வெளிச்சமாக மாறிப் போகும், மின்சாரம் தாண்டாது என்று விளக்கினார். எலக்ட்ரீஷியன் தரையைத் தோண்டிப் புது எர்த் இறக்கினான். பெட்டிக்கும் மிஷினுக்கும் அந்த ஒன்றே. வேலை முடிந்ததும் மகாதேவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்கோ,” என்று கேட்டார். முதல் பக்கத்திலிருந்து படித்தார். நடுவில் சாய் ஆறிப்போயிற்று.

“முப்பது வருஷம் பெட்டியைத் தொறந்து தொறந்து பாத்துண்டிருந்தேன்,” என்றார். “சுவத்துக்கு அந்தண்டை பாக்கணும்னு எனக்குத் தோணலை பாருங்கோ.”

“நீங்க மாதுங்காவுல ஓட்டிப் பாக்கலன்னா எனக்கும் தோணியிருக்காது, சார்.”

“அம்பர்நாத்ல ஒரு கம்பெனில இதே ரகம் மூணு இருக்கு. அதுவும் நிக்கறதாம், காரணம் புரியலையாம். என்னைக் கூப்பிடறா. நீங்களும் வரேளா?”

பேராச்சி செல்வத்தைப் பார்க்காமலே, “இந்த வேலை முடியட்டும், வாரேன்,” என்றாள்.

அன்று அவள் மேலே இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது செல்வம் ஏணியேறி வந்து, கடைசிப் படியிலேயே நின்றுகொண்டு சொன்னார்: “அண்ணன் சொன்னப்ப நான் பேசியிருக்கணும்.”

“ஆமா,” என்றாள் பேராச்சி. சட்னியை வழித்தெடுத்து, “உப்பு பாருங்க,” என்று கரண்டியை நீட்டினாள்.

ஞாயிறு காலை ஏழரைக்கு மூன்றாவது கட்டையில் வெட்டு தொடங்கியது. கடைசிக் கட்டை அது. பத்து மணிக்குத் தண்ணீர் வந்து, சந்தில் இருந்த மற்ற மோட்டார்கள் எல்லாம் ஓடின. பேராச்சி மேசை முன்னால் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டாள். செல்வம் எண்ணெய் விட்டுக்கொண்டு மிஷின் பக்கத்தை விட்டு நகரவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஆபிதா குடையோடு வந்து ஓரமாக நின்றாள். குதிகால் வந்தது. உள்ளங்காலின் வளைவு வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக, ஒரு மயிரிழை பிசகாமல் இரும்பில் இறங்கின. இரண்டே முக்காலுக்குக் கத்தி மேலே எழும்பி நின்றது.

செல்வம் காற்றடித்துத் தூளை ஊதினார். பேராச்சி எண்ணெய்த் துணியால் உள்ளே துடைத்துவிட்டு, ஆபிதாவின் கையைப் பிடித்து அந்தக் குழிவுக்குள் வைத்தாள். ஆபிதா கண்ணை மூடிக்கொண்டு குதிகாலிலிருந்து பெருவிரல்வரை தடவினாள். மறுபடி ஒருமுறை தடவினாள். “புள்ளைங்க காலு மாதிரியே இருக்குக்கா,” என்றாள்.

ராஜபாண்டி அதற்குள் வந்திருந்தார். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று, அச்சைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல் தம்பியிடம், “இனிமே நிக்காதுல்லா?” என்று கேட்டார்.

செல்வம் துணியில் கையைத் துடைத்தார். “என்கிட்ட ஏன் கேக்க? அவகிட்டக் கேளு.”

ராஜபாண்டி திரும்பினார். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக, பட்டறை விஷயமாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“பேராச்சி, இனிமே நிக்காதுல்லா?”

நோட்டில் ‘தெரியவில்லை’ என்று எழுதிய அந்த ஒரு வரியை அவள் நினைத்துப் பார்த்தாள்.

“மோட்டாரால நிக்காது, அத்தான்,” என்றாள். “வேற எதுக்காவது நின்னா, நான் பாத்துக்கிடுதேன்.”